பைலட் நாற்காலியும் என் வயிற்றெரிச்சலும்

ஆகாயத்தில் பறக்கப் போகிறவர்களுக்குத் தரையில் நாற்காலி போட்டுக் கொடுப்பது என் தொழில். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.வி., மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையின் பின் அறையில் ஒரு பழைய கார் சீட், அதன் முன்னால் இரண்டு மிதிகள், கைக்கு ஒரு கம்பி, எதிரே ஒரு கம்ப்யூட்டர் திரை. விமானப்படையில் பைலட் வேலைக்கு முயற்சி செய்கிற பிள்ளைகள் இதில் உட்கார்ந்து பழகிவிட்டுப் போவார்கள்.

அங்கே வைக்கிற சோதனை இதுதான். திரையில் ஒரு புள்ளி நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மிதியை அழுத்தினால் அது இடம் வலமாகப் போகும். கைக் கம்பி அதை மேலும் கீழும் நகர்த்தும். நடுவில் உள்ள சின்னக் கட்டத்துக்குள் அதைப் பிடித்து வைக்க வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். அவற்றை இன்னொரு கையால் அணைக்க வேண்டும். எழுத்துத் தேர்வை வயது இருக்கும்வரை திரும்பத் திரும்ப எழுதலாம். இந்த மெஷின் சோதனைக்கு மட்டும் ஆயுளில் ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் படையில் வேறு வேலைக்குப் போகலாம், பைலட் சீட்டை மறந்துவிட வேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், டியூஷன் சென்டர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற என் சக பாவிகளுக்கு இந்த அவஸ்தை புரியும். நம்மிடம் பழகியவன் எங்கேயோ போய்விடுவான். நாம் அதே ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்தவனுக்கு மின்விசிறியைப் போட்டுவிடுவோம். வாய் 'நல்லா இருப்பா' என்று சொல்லும். வயிறு வேறு ஏதோ சொல்லும்.

முதல் ஆள்

இந்த மெஷினை நான் என் மகன் முரளிக்காகத்தான் செய்தேன். அவன் எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனதும், சோதனை எப்படி இருக்கும் என்று செல்போனில் பார்த்துப் பார்த்து நானே மனசில் ஒரு படம் போட்டுக்கொண்டேன். எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோலை மிதிக்கு அடியில் வைத்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று ஒருநாள் பிடிபட்டது. கார் சீட் மெக்கானிக் ஷெட்டில் கிடைத்தது. முரளி காலையும் மாலையும் உட்கார்ந்து பழகினான். புள்ளி அவன் சொன்னபடி கேட்டது.

போனான், வந்தான். பையை வாசலில் வைத்துவிட்டு "தேறல நைனா" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவன் அம்மாவும் கேட்கவில்லை. இப்போது செங்கல்பட்டில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தாலும் அந்தப் பின் அறைக்குள் நுழைய மாட்டான். என் மனைவி கனகம் சீட்டின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடி வைத்தாள். அவள் இறந்துபோன பிறகு அந்த மூடிய சீட்டைப் பார்க்கப் பிடிக்காமல் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். அவர் புடவையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாத்தே, கார் இல்லாத சீட்ட எவன் வாங்குவான்? நீயே ஒக்காந்துக்க."

இரண்டு எலுமிச்சம்பழம்

பள்ளிக்கூட விளையாட்டு மாஸ்டர் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டுத் தன் அண்ணன் பையனை அழைத்து வந்தார். அப்படித்தான் ஊரார் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பழையசீவரத்திலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்தார். கையில் கற்பூரம், மஞ்சள், இரண்டு எலுமிச்சம்பழம். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்குவது போல, மிதிக்கு அடியில் ஒவ்வொன்று வைத்து "ஏறி மிதிடா" என்றார். "அம்மா, உள்ள கரண்ட் சாமான் இருக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் மிதித்துவிட்டான்.

சாறு வால்யூம் கன்ட்ரோலுக்குள் இறங்கிவிட்டது. மெஷினைப் போட்டால் புள்ளி இடது பக்கம் ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. நான் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மகனின் நெற்றியில் குங்குமம் வைத்து, முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். கனகம் இருந்த காலத்தில் எங்களுக்கு இந்த மாதிரியெல்லாம் செய்யத் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரு எரிச்சல். பழம் வைத்திருந்தால் முரளி பாஸ் ஆகியிருப்பானா என்ன? ஆனாலும் எரிந்தது. அந்த அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பாத்தியா, இம்மா திஷ்டி கீது. எலுமிச்ச பயம் வெக்கலன்னா புள்ளைய இல்ல அந்த மூலைக்கு இய்த்துக்கினு போயிருக்கும்?"

கால் அளவு

பைலட்டுக்குக் காலின் நீளத்தையும் அளப்பார்கள். அதிகம் நீண்டாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அதனால் வருகிற பிள்ளைகளைப் பக்கத்துக் கடை டெய்லர் ரஹீம் பாயிடம் அனுப்பி அளந்து வரச் சொல்வேன். ஒருநாள் பையன்கள் யாரும் இல்லாத நேரத்தில் விளையாட்டாக என் காலையும் அளக்கச் சொன்னேன். கச்சிதமான அளவு. இந்த வயதில் அது தெரிந்து என்ன பண்ணுவது? நாள் முழுக்க அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்: "காலு ரெண்டும் பைலட் காலுதான்யா. சொம்மா மிக்ஸிக்கு முன்னால மடக்கி வெச்சி வீணாக்கிக்கினு கீற."

கிளட்ச் கால்

புள்ளலூரிலிருந்து வினோத் என்று ஒரு பையன். அப்பா குப்புசாமிக்கு நிலம், டிராக்டர் எல்லாம் உண்டு. வினோத் வரும்போதே காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வருவான். மெஷினில் உட்கார்ந்தாலும் கழற்ற மாட்டான். கேட்டால் "டிராக்டர்லயும் இப்டித்தான் சார் ஓட்டுவேன்" என்பான். கால் மட்டும் பட்டு மாதிரி வேலை செய்தது. சேற்றில் கிளட்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து ஓட்டிய கால். மிதியை அழுத்துகிறானா, தடவுகிறானா என்றே தெரியாது. முரளி மாதக்கணக்கில் பழகிப் பிடித்ததை இவன் வந்த வாரத்திலேயே பிடித்தான். நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்த பிறகும் புள்ளி கட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

குப்புசாமி தானும் உட்கார்ந்து பார்ப்பேன் என்றார். உட்கார்ந்ததும் நன்றாகத்தான் பிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்ததும் "எவன்டா அவன் லைட்ட போட்டது?" என்று திரும்பிப் பார்த்தார். புள்ளி ஓடிவிட்டது.

வினோத் பாஸ் ஆனான். குப்புசாமி ஒரு பெட்டி இனிப்போடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் குத்துகிறது: "ஒம் பையன் பெயிலானதும் நல்லதுக்குத்தான்யா. அவன் பாஸாயிருந்தா இந்த மெஷினு அப்பவே எடைக்குப் போயிருக்கும், எம் புள்ளைக்கு யாரு கத்துக் குடுத்திருப்பா?"

தறிக்கால்

போன வருஷம் வெண்ணிலா வந்தாள். பக்கத்துக் கிராமம். அப்பா ஏகாம்பரம் பட்டு நெசவு செய்கிறார். வீட்டில் ஒரு தறி. பி.எஸ்ஸி. முடித்து எழுத்துத் தேர்வும் பாஸ் செய்து, சோதனைக்கு அழைப்பும் வந்துவிட்ட பிறகுதான் என் கடை அவள் கண்ணில் பட்டிருக்கிறது. "சார், எனக்கு டைம் கம்மி. இத்தோட எல்லாம் முடிஞ்சிடும், இல்ல இத்தோடதான் எல்லாம் ஆரம்பிக்கும்" என்றாள். இவ்வளவு பளிச்சென்று பேசுகிற பிள்ளை எனக்குப் பிறக்கவில்லையே என்று உட்காருவதற்கு முன்பே எனக்கு ஒரு எரிச்சல்.

உட்கார்ந்ததும் எரிச்சல் அடங்கிவிட்டது. கை நன்றாகத்தான் வேலை செய்தது. கால்தான் தறிக்கால். தறியில் ஒரு மிதியை அழுத்தினால் மற்றது ஏறும்; அடுத்து அதை அழுத்த வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம். ஒரு காலை அழுத்திவிட்டு அப்படியே வைத்திருக்க அவளால் முடியவில்லை. அடுத்த கால் தானாக இறங்கிவிடும். புள்ளி கோயில் மணி நாக்கு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. "கால நிறுத்தும்மா" என்றால், "நிறுத்திதான் சார் கீறேன்" என்பாள். சொல்லும்போதே கால் மாறும்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அவளோடு ஏகாம்பரமும் வந்தார். கதவருகே நின்று மகளின் கால்களையே பார்த்தார். மறுநாள் வெண்ணிலா சொல்லித்தான் தெரிந்தது, கையில் இருந்த கல்யாணப் புடவை ஆர்டரைப் பங்காளியிடம் கொடுத்துவிட்டுத் தறியையே நிறுத்திவிட்டாராம். சோதனை முடிகிறவரை வீட்டில் தறிச் சத்தமே கேட்கக் கூடாது, கேட்டால் பெண்ணின் கால் ஆடும் என்று. எனக்குப் பொறுக்கவில்லை. நான் பிள்ளைக்காகக் கார் சீட் தேடி அலைந்ததைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டிப் போய்விட்டார். பிறகு பார்த்தபோது, "தறிய நிறுத்திட்டு இன்னா செய்வீங்க?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ஏகாம்பரம் சொன்னார்: "தறி எங்கியும் எய்ந்து ஓடிடாது சார். இது போனா வருமா?"

டீக்கடை பெஞ்சு

வெண்ணிலாவின் கால் மெல்ல அடங்கியது. கிளம்புவதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, அம்மாவின் திதிக்காக முரளி வந்தான். கடை வாசலில் நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தான். இந்த மெஷின் யாருக்காகச் செய்தது என்று தெரிந்திருந்த வெண்ணிலா, உள்ளேயிருந்து வந்து அவனைப் பார்த்ததும், "நீங்கதான முரளி அண்ணா? நீங்க அங்க இன்னா தப்பு பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. முரளிக்கு முகம் சிவக்கும் என்று நினைத்தேன். "வா, டீ குடிச்சிக்கினே சொல்றேன்" என்றான்.

எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் இருக்கும். நான் ஒரு டி.வி.யைப் பிரித்து வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தேன். முரளி கையை நீட்டிக் கம்பி பிடிக்கிற மாதிரி காட்டுகிறான். பெஞ்சுக்கு அடியில் காலை அழுத்திக் காட்டுகிறான். ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். தோற்றுப்போன கதையைச் சொல்லி அவனால் சிரிக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. குப்புசாமியின் இனிப்பும் ஏகாம்பரத்தின் தறியும் சேர்ந்து கொடுத்த எரிச்சலைவிட இது பெரிசு. நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை, என்னிடம் ஒரு வார்த்தையில் முடித்ததை, நேற்று வந்த பெண்ணிடம் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்கிறான்.

மறுநாள் முரளி ஊருக்குப் போன பிறகு வெண்ணிலா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "சார், கோச்சிக்கக் கூடாது. இந்த மிதிய அழுத்தினா கீச்சுனு ஒரு சத்தம் வருது இல்ல? எவ்ளோ அழுத்தறமோ அவ்ளோ சத்தம். அண்ணா அத்த வெச்சியே பழகிட்டாராம். அங்க மிதி சத்தமே போடாதாம். காலுக்குக் காது அடைச்சிக்கின மாரி ஆயிடுச்சாம்."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாததா? மிதிக்கு நான் போட்டது பழைய இரும்புக் கேட்டின் கீல். கடையின் முன்பக்கம் நான் வேலை பார்க்கும்போது அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் பையன் உள்ளே பழகுகிறான் என்று ஒரு நிம்மதி. அதனாலேயே எண்ணெய் போடாமல் விட்டிருந்தேன். வினோத் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது; அவனுக்கு இந்தச் சத்தமே கேட்டிருக்காது. "இத்தன நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். "நைனா அவரு கையால செஞ்ச மெஷினு, சொன்னா ஒடஞ்சி பூடுவாருன்னு அண்ணா சொன்னாரு. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் கூட வாங்கினாரு சார். ஆனா எனக்கு ஒரே சான்ஸுதான, எண்ண போட்டுக் குடுங்க."

இரண்டு அப்பாக்கள்

எண்ணெய் போட்டேன். முதல் நாள் அவளுக்குப் புள்ளி நிற்கவே இல்லை. அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். கிளம்புகிற அன்று காலை சத்தமில்லாமல் புள்ளி கட்டத்துக்குள் நின்றது. நான் கடையின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த அமைதியில் எனக்கு நினைக்க வேண்டாததெல்லாம் நினைப்பு வந்தது. இந்த அமைதியில் என் பிள்ளை பழகியிருக்க வேண்டும். இவளுக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை.

சோதனை அன்று ஏகாம்பரம் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். அவரிடம் செல்போன் கிடையாது. வெண்ணிலா என் நம்பருக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் கால்கள் தரையில் மாறி மாறி மிதித்துக்கொண்டிருக்கின்றன, இல்லாத தறியை. உண்மையைச் சொல்கிறேன், மனசின் ஒரு ஓரத்தில் 'அவளும் தேறாமல் போகட்டுமே' என்று ஓடியது. அப்படி ஓடியதும் அந்தக் கால்களைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய் அவருக்கு டீ சொன்னேன். "இன்னா சார், இன்னும் கூப்புடல?" என்றார். "வரும்" என்றேன். "மெடிக்கல் வேற கீதாம்" என்றார். "அது அப்புறம்" என்றேன். டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் போன் அடித்தது. வெண்ணிலா இல்லை, முரளி. "நைனா, ஏகாம்பரம் அங்க கீறாரா? போன அவராண்ட குடு." எனக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. கொடுத்தேன். ஏகாம்பரம் இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். கால் நின்றுவிட்டது. "நெசமாவா தம்பி? நெசமாவா?" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெண் அவனைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறாள். அழுகையில் அப்பாவிடம் பேச வரவில்லை, நீங்களே சொல்லுங்கண்ணா என்றிருக்கிறாள். முதல் செய்தி என் மகனுக்கு, இரண்டாவது அவள் அப்பாவுக்கு, மூன்றாவதாக எனக்கு. வயிறு பற்றிக்கொண்டு வரும் நேரத்தில் போனிலிருந்து முரளியின் குரல் கேட்டது. இத்தனை வருஷத்தில் நான் கேட்காத உற்சாகம்: "நைனா, லைன்லதான் கீறியா? ஞாயித்துக்கெயம வரேன், அந்த சீட்ல நான் ஒருவாட்டி ஒக்காந்து பாக்கணும். நீ ஒண்ணும் மார்க்கு பாக்க வாணாம், சொம்மா பக்கத்துல ஒக்காரு."

இப்போதும் யார் வீட்டுப் பிள்ளையாவது பாஸ் ஆனேன் என்று இனிப்போடு வந்து நின்றால் எனக்குப் பொறாமை வரத்தான் செய்கிறது, ஆனால் முன்பு மாதிரி பற்றி எரிவதில்லை, ஒரு டீ குடிக்கிற நேரம் புகைந்துவிட்டு அடங்கிவிடுகிறது.